இனிப்பு உருண்டையும் 141 ஆன்டிபயாட்டிக்கும்: குழந்தைகளுக்கான ஹோமியோபதி ஆய்வுகள் சொல்வது என்ன?

2025 அக்டோபர் மாதச் செய்திகளைப் பிள்ளை பெற்ற எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சாதாரண சளிக்கும் இருமலுக்கும் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். கோல்ட்ரிஃப் என்ற அந்த சிரப் தயாரானது நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் இருப்பது தெரியவந்தது. ஏறக்குறைய பாதிப் பாட்டில் விஷம். தயாரிப்பு நிறுவனத்தின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. இறந்த பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை.

அதன் பிறகு நமது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் வலம் வரத் தொடங்கின. ஒன்று, "வீட்டில் உள்ள சிரப் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்" என்பது. மற்றொன்று, "பக்கவிளைவே இல்லாத ஹோமியோபதிக்கு மாறுங்கள். தெலங்கானாவில் ஆய்வு செய்து நிரூபித்துவிட்டார்கள்" என்பது. முதல் செய்தியின் பின்னால் உள்ள அச்சம் நியாயமானது. இரண்டாவது செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. கணவர் தம்மாமிலோ துபாயிலோ இருக்க, இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலில் அனத்தும் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பெண், இந்தச் செய்தியை நம்பித்தான் முடிவெடுக்கிறாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோமியோபதியைக் கேலி செய்யும் வீட்டில் நான் வளரவில்லை. என் உம்மாவின் அலமாரியில் சிறு சிறு கண்ணாடிக் குப்பிகள் அடங்கிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. காய்ச்சலுக்கு பெல்லடோனா, பல் முளைக்கும் அழுகைக்கு கமோமில்லா, காதுவலிக்கு பல்சட்டில்லா. நாங்கள் வலி இல்லாத நாளிலும் வலிப்பதாகச் சொல்லி அந்த இனிப்பு உருண்டைகளை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. அந்த "ஒன்றும் ஆகவில்லை" என்பதுதான் இந்த விஷயத்தின் நல்ல பக்கமும் கெட்ட பக்கமும்.

தெலங்கானா ஆய்வு

வாட்ஸ்அப் செய்தியில் சொல்லப்படும் ஆய்வு உண்மையானதே. கட்டுக்கதை அல்ல. தெலங்கானாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் நடந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் தலைமையில், மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் குழுமமும் பங்கு கொண்ட ஆய்வு. முடிவுகள் 2024-ல் ஐரோப்பியக் குழந்தைநல மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தன. 108 பச்சிளம் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நோய் வந்தால் முதலில் ஹோமியோபதி. மற்றப் பிரிவுக்கு வழக்கமான ஆங்கில மருத்துவம். பிறந்தது முதல் 24 மாதங்கள் கவனித்தார்கள்.

முடிவு பிரமிக்க வைப்பதுதான். ஹோமியோபதிப் பிரிவுக் குழந்தைகள் நோயுற்றிருந்த நாட்களின் இடைநிலை அளவு 5. மற்றப் பிரிவில் 21. ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது ஒரு பிரிவில் 14 தடவை, மற்றதில் 141 தடவை. பத்து மடங்கு வித்தியாசம். நாளிதழ்களில் தலைப்பாக வருவதற்கு இது போதும். வந்தது.

ஆனால் அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதப்பட்டிருக்கும் இரண்டு விஷயங்கள் வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

ஒன்று, இது மறைப்பு இல்லாத ஆய்வு. எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து போகிறது என்பது மருத்துவருக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். நாம் நம்பும் மருந்தைக் குடித்த பிள்ளை சற்றே மூக்கொழுகினால் "இது ஒன்றுமில்லை" என்போம். நம்பாத மருந்தைக் குடித்த பிள்ளை அதே அளவு மூக்கொழுகினால் "இன்னும் சரியாகவில்லை" என்போம். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. மனித மனம் அப்படித்தான் கணக்கெழுதும். அதனால்தான் நல்ல மருந்தாய்வுகளில் பாதிப் பேருக்கு உண்மை மருந்தும், பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே சுவையில் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது போனது என்பதைக் கடைசிவரை இருதரப்புக்கும் மறைத்து வைக்கிறார்கள். பிளாசிபோ ஒப்பீடு என்று சொல்வது இதைத்தான். தெலங்கானாவில் அது நடக்கவில்லை.

இரண்டாவது, ஹோமியோபதிப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஆங்கில மருத்துவம் பாதுகாப்பு வலையாகப் பின்னால் இருந்தது. தேவைப்பட்டபோது பயன்படுத்தினார்கள். அந்த 14 ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படிக் கொடுக்கப்பட்டவை. ஆக, "ஆங்கில மருத்துவமே வேண்டாம்" என்று சொல்ல இந்த ஆய்வு எந்த வகையிலும் ஆதாரம் ஆகாது.

எனக்கு இந்த ஆய்வில் உறுத்துவது 5-உம் 21-உம் அல்ல. 141 என்ற எண்தான். ஐம்பது சொச்சம் கைக்குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டுகளில் 141 தடவை ஆன்டிபயாட்டிக். தலைக்கு இரண்டரைக்கும் மேல். இந்த வயதில் வரும் சளி, இருமல், தொண்டைக் கரகரப்பில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. வேலை செய்யாத மருந்து வயிற்றுப்போக்கு தரும், ஒவ்வாமை தரும், கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கும் சக்தியையும் வளர்த்துக் கொடுக்கும். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், தெலங்கானா ஆய்வு ஹோமியோபதியின் வெற்றியைக் காட்டுகிறதோ இல்லையோ, நமது நாட்டின் வழக்கமான சிகிச்சையில் தேவையில்லாமல் எவ்வளவு மருந்து ஊற்றப்படுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டது. மருந்தே கொடுக்காமல், ஆனால் கவனமாகப் பார்த்துக்கொண்ட மூன்றாவது பிரிவு ஒன்றும் இருந்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? அப்படி ஒரு பிரிவு இல்லை.

மறைப்பு வைத்துச் செய்தபோது

அப்படிச் செய்த ஆய்வுகளும் உண்டு. அவற்றில் நேர்மையும் பொறுமையுமான ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. 1994-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அடிக்கடி சளித்தொல்லைக்கு ஆளாகும் சுமார் 170 குழந்தைகள். ஹோமியோபதி மருத்துவர்கள் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக விசாரித்து, அந்தக் குழந்தைக்கென்றே மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். "ஹோமியோபதியில் ஆளுக்கு ஏற்ற மருந்து, எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துச் சோதிக்கக் கூடாது" என்று சொல்வார்கள் அல்லவா, அந்த ஆட்சேபத்துக்கு இங்கே இடமில்லை. மருந்து தேர்வானபின் பாதிப் பேருக்கு அது போனது. மீதிப் பேருக்கு வெற்று உருண்டை போனது. ஓர் ஆண்டு முழுவதும் பெற்றோர் நாட்குறிப்பு எழுதினார்கள்.

ஆண்டு முடிவில் இரு பிரிவுகளிலும் பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். நோய்க்குறிகளின் மதிப்பெண்ணில் ஹோமியோபதிப் பிரிவு ஒரு துளி மேலே. ஆனால் தற்செயலாகவே வந்துவிடக்கூடிய அளவு. ஆன்டிபயாட்டிக் பயன்பாடோ இரண்டு பிரிவுகளிலும் குறைந்தது. வெற்று உருண்டை சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் குறைந்தது! இதைத்தான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். உருண்டைக்குள் ஒன்றுமே இல்லாதபோதும் ஆன்டிபயாட்டிக் குறைகிறது என்றால், குறைத்தது எது? பிள்ளையின் உணவு, தூக்கம், சுபாவம் என்று பொறுமையாகக் கேட்ட மருத்துவர். ஆலோசனை. "காத்திருங்கள், சரியாகும்" என்ற வார்த்தை. கவனமான ஆலோசனையுடன் ஒப்பிட்டால் மருந்து கூடுதலாகச் சேர்ப்பது மிகக் குறைவு என்றே அந்த ஆய்வாளர்களும் முடிவுக்கு வந்தார்கள்.

வயிற்றுப்போக்கு குறித்த ஆய்வுகளின் கதை இன்னும் சுவையானது. ஜெனிஃபர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நிகரகுவாவின் லியோன் நகரில் 81 குழந்தைகளிடம் ஆய்வு செய்து 1994-ல் வெளியிட்டார். தனித்தனியாகத் தேர்ந்த ஹோமியோபதி மருந்து பெற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு நிற்க 3.0 நாட்கள், வெற்று மாத்திரைக்கு 3.8 நாட்கள். பிறகு அவரும் அவருடைய குழுவினரும் நேபாளத்திலும் ஆய்வு செய்து, மூன்று ஆய்வுகளின் 242 குழந்தைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 3.3 நாட்கள், 4.1 நாட்கள் என்று வந்தது. ஹோமியோபதி ஆதரவாளர்கள் இன்றளவும் மேற்கோள் காட்டுவது இவற்றைத்தான். ஆனால் அதே ஜேக்கப்ஸ் 2006-ல் ஹோண்டுராஸில் 292 குழந்தைகளிடம், பல ஹோமியோபதி மருந்துகளைச் சேர்த்துச் செய்த மாத்திரையைச் சோதித்தார். மூன்று பழைய ஆய்வுகளையும் சேர்த்தாலும் வராத எண்ணிக்கை. இம்முறை எந்த வித்தியாசமும் இல்லை. அதையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். இந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நமது வாட்ஸ்அப் குழுக்களுக்கு அவருடைய முதல் ஆய்வு மட்டும் வந்து சேருகிறது, கடைசி ஆய்வு வருவதில்லை என்பது அவருடைய தவறல்ல.

இந்த வயிற்றுப்போக்கு ஆய்வுகளைப் பற்றி ஒரு முக்கியத் தகவல். மருந்து எதுவானாலும், அவற்றில் பங்குபெற்ற பிள்ளைகளுக்கு ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்பட்டது. ஹோமியோபதி ஆய்வாளரே அதை விட்டுவிடத் துணியவில்லை. நம் ஊரில் சிலர் துணிகிறார்கள்.

சளி, காதுவலி, தொண்டை நோய் போன்றவற்றுக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் வேலையை காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு செய்தது. 2018-ல் 8 ஆய்வுகள், 1562 குழந்தைகள். 2022-ல் அதைப் புதுப்பித்தபோது 11 ஆய்வுகள், 1813 குழந்தைகள். முடிவு மாறவில்லை. வெற்று மாத்திரையை விட ஹோமியோபதி மருந்துகள் தொடர்ந்து சிறப்பாக வேலை செய்ததாகத் தெரியவில்லை. நன்றாக, ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் பலன் காணாமல் போனது. பலன் இருப்பதாகச் சொன்னவை ஓட்டைகள் உள்ள ஆய்வுகள். 96 ஆஸ்துமாக் குழந்தைகளிடம் பிரிட்டனில் செய்து 2003-ல் வெளிவந்த ஆய்விலும் இதே கதைதான். ஆஸ்திரேலிய அரசின் தேசிய சுகாதார ஆராய்ச்சிக் குழுமம் 2015-ல், ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் உள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தது.

இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. 30 வீரியம் என்றால் மூல மருந்தின் ஒரு பங்கை 99 பங்கு திரவத்தில் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி முப்பது முறை செய்வது. பன்னிரண்டாவது முறைக்குப் பிறகே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அரிதாகிவிடுகிறது. மிச்சம் இருப்பது சர்க்கரை.

அப்படியானால் சரியானது எப்படி?

"என் பிள்ளைக்குச் சரியானதே! கண்ணால் பார்த்தேனே!" என்று கேட்கும் தாய்க்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமாகாது. அவர் பார்த்தது உண்மை. பிள்ளைக்குச் சரியானது உண்மை.

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, குழந்தைகளின் சாதாரண நோய்கள் தாமாகவே ஆற எவ்வளவு நாளாகும் என்று கணக்கிட்டது. பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்குக் காதுவலி ஆற ஏழெட்டு நாள், சாதாரண சளி ஆற 15 நாள், இருமல் நிற்க 25 நாள். இருபத்தைந்து நாள்! நாம் எல்லோரும் ஐந்தாவது நாளே பதறிவிடுகிறோம். முதலில் சிரப், ஒரு வாரம் கழித்து ஆன்டிபயாட்டிக், பிறகு வேறு டாக்டர், பதினைந்தாவது நாள் யாரோ சொல்லி ஹோமியோபதி. இருபதாவது நாள் இருமல் நிற்கிறது. பெருமை கடைசியாகக் கொடுத்தவருக்குப் போகிறது. காதுவலியில் இன்னும் வேகம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் வெற்று மாத்திரை கொடுத்தாலும் பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி நின்றுவிடுகிறது என்பது ஆய்வுகளில் கண்டது. இரவு பல்சட்டில்லா கொடுத்து மறுநாள் இரவு வலி இல்லை என்றால், என் உம்மா அந்தக் குப்பியைத்தான் முத்தமிடுவார்.

இதே அளவுகோலை ஆங்கில மருத்துவத்துக்கும் வைக்க வேண்டும். இருமல் சிரப்புகள் சிறு பிள்ளைகளுக்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே, 2 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. சிந்த்வாராவில் இறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். கலப்படம் ஒரு குற்றம். தேவையே இல்லாத மருந்தை எழுதிக் கொடுத்தது அதற்கு முந்திய குற்றம்.

ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு இரவில் ஒரு சிறு கரண்டி தேன் இருமலைக் குறைக்கிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. தேனின் நிவாரணம் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் பழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தைகளுக்குத் தசை செயலிழக்கும் நோயைத் தரலாம். பேரீச்சம்பழம் இருக்கவே இருக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது

உருண்டையில் ஒன்றும் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை அல்லவா? பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எப்போதும் அல்ல. அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்காக விற்ற ஹோமியோபதி மாத்திரைகளைக் குறித்து அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் எச்சரித்தது. 2017 ஜனவரியில் வெளியிட்ட சோதனை முடிவில், சில மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுத் தாவரத்தின் பொருள் அட்டையில் போட்டிருந்ததை விட மிக அதிகமாக இருந்ததைச் சொன்னது. குறைந்த வீரியத்தில் தயாரிக்கும்போது மூலப்பொருள் மிஞ்சுகிறது. தயாரிப்பில் ஒழுங்கில்லாவிட்டால் கூடுதலாக மிஞ்சுகிறது. சுங்குவார்சத்திரத்தின் பாடமும் இதுதானே. எந்த முறை மருந்தானாலும் அதைத் தயாரிக்கும் இடத்தைக் கண்காணிக்க ஆள் வேண்டும்.

பெரிய ஆபத்து வேறு. அது நேரம். 2017 மே மாதம் இத்தாலியில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் காது நோயால் இறந்தான். இரண்டு காதுகளிலும் தொற்று. ஹோமியோபதி மட்டுமே கொடுக்கப்பட்டு நாட்கள் கடந்தன. தொற்று மூளைக்குப் பரவி, நினைவிழந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். பத்தில் ஒன்பது காதுவலி தானாக ஆறும் என்று மேலே எழுதினேன். இவன் பத்தாவது பிள்ளை. எந்தப் பிள்ளை பத்தாவது பிள்ளை என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது. அதனால்தான் காத்திருப்பதற்கும் ஒரு கெடு வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கடுமையில்லாத காதுவலி என்றால் இரண்டு மூன்று நாள் வலி மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம் என்று ஆங்கில மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. நாளைக் கணக்கில் வைக்காத காத்திருப்புதான் கொல்கிறது.

தடுப்பூசிக்குப் பதிலாக ஹோமியோபதி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது நமது பகுதிகளில் எத்தனை வதந்திகள் சுற்றின என்பது பலருக்கும் நினைவிருக்கும். நோய்க்கிருமியிலிருந்து தயாரிக்கும் "நோசோட்" என்ற ஹோமியோபதி மருந்தைத் தடுப்பூசிக்குச் சமம் என்பார்கள். கனடாவில் 150 பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உயர்ந்தது. நோசோட் சாப்பிட்டவர்களுக்கு வெற்று மருந்து சாப்பிட்டவர்களைப் போலவே ஒன்றும் நடக்கவில்லை. இந்த விஷயத்தில் நடுநிலை என்று எதுவும் இல்லை. தட்டம்மைக்குத் தடுப்பூசி போடுங்கள்.

ஹோமியோபதி திரவ மருந்துகள் ஆல்கஹாலில் தயாரிக்கப்படுவதால் நமது குடும்பங்களில் ஹலால்-ஹராம் கேள்வியும் எழுகிறது. உருண்டைகளின் மேல் அந்தத் திரவத்தைத் தெளித்து உலரவிடுகிறார்கள். மருந்தில் கலக்கும் ஆல்கஹால் பற்றி ஆலிம்களிடையே விரிவான கருத்துகள் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல விரும்புவது, அந்தக் கேள்வியில் நிர்ப்பந்தம், தேவை என்ற சொற்கள் வரும். தேவை என்றால் அந்த மருந்து வேலை செய்ய வேண்டும். இந்த ஆய்வுகளைப் பார்த்த பிறகு "பிள்ளைக்கு இது தேவை" என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். முதலில். பிறகுதான் மற்ற பேச்சு. 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில், போங்காவ் என்ற இடத்தில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த மரணம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. ஒரு மருந்து வேலை செய்கிறது என்றால் இப்படித்தான் தெரியும். நுண்ணோக்கி வைத்துத் தேட வேண்டியதில்லை. கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட பொட்டலமாக வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அவற்றின் பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. கூடவே மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாக மாத்திரை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம்.

சளி, இருமல் என்றால் பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-உம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதில் 40-உம் அதற்கு மேலும் இருந்தால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அது நிமோனியாவாக இருக்கலாம். அந்த இரவே மருத்துவமனை. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

குழந்தை மருத்துவரிடம் கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். "டாக்டர், இது வைரஸ் காய்ச்சலா? இந்த ஆன்டிபயாட்டிக் இப்போதே வேண்டுமா, இரண்டு நாள் பார்க்கலாமா? எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்?" என்று கேளுங்கள். மூன்று கேள்விக்கு மூன்று நிமிடம் போதும். நெதர்லாந்து ஆய்வில் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்தக் கவனமான ஆலோசனையை இப்படிக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் எரிந்து விழுந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். நமது ஊர் ஹோமியோபதி மருத்துவர் நல்லவர், பொறுமையாகக் கேட்பவர் என்றால் அவரிடமும் கடைசிக் கேள்வியைக் கேளுங்கள். "இந்தக் கட்டத்துக்கு மேல் என்னிடம் வராதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று தெளிவாகச் சொல்பவர் என்றால் அவர் பொறுப்பானவர்.

வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்களுக்கும் ஒன்று. இரவில் வீட்டிலிருந்து அழைப்பு வரும்போது "என்ன மருந்து கொடுத்தாய்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான், அழும்போது கண்ணீர் வருகிறதா, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கேளுங்கள். வீடியோ அழைப்பில் நெஞ்சைக் காட்டச் சொல்லி நீங்களும் சேர்ந்து எண்ணலாம்.